கெம்செக்ஸ்

கெம்செக்ஸ் என்பது பாலுறவுக்கு முன்போ பாலுறவின்போதோ, அதன் இன்பத்தைக் கூட்டவும், நேரத்தை நீட்டிக்கவும், கூச்சத்தையும் அச்சத்தையும் மறக்கவும் குறிப்பிட்ட சில போதைப்பொருட்களைத் திட்டமிட்டுப் பயன்படுத்தும் வழக்கம் ஆகும். தற்பாலீர்ப்பு ஆண்கள், இருபாலீர்ப்பு ஆண்கள் ஆகியோரில் ஒரு பகுதியினரிடையே காணப்படும் வழக்கத்தைக் குறிக்கவே இச்சொல் பெரும்பாலும் பயன்படுகிறது. மெத்தாம்பெட்டமைன், மெஃபெட்ரோன், ஜிஎச்பி ஆகிய மூன்றும் இவ்வழக்கத்தின் முதன்மையான போதைப்பொருட்கள். ஜிஎச்பியின் முன்பொருளான ஜிபிஎல்லும் ஜிஎச்பியுடன் சேர்த்தே எண்ணப்படுகிறது.

2000களின் பிற்பகுதியிலிருந்து இவ்வழக்கம் இலண்டன் மாநகரில் ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கலாக அறியப்பட்டது. இதைப் பற்றிய முறையான ஆய்வுகளும் சிறப்புச் சிகிச்சை நிலையங்களும் அங்கேயே முதலில் வளர்ச்சி பெற்றன. போதைப்பொருளின் வேதியியலைக் கொண்டு மட்டும் இதனை முழுமையாக விளக்க இயலாது. வெட்கம், தனிமை, எச்ஐவி பற்றிய அச்சம், தண்டனை பற்றிய அச்சம் ஆகியனவும் இதனோடு பின்னிப் பிணைந்துள்ளன. தடுத்திருக்கக்கூடிய பல இறப்புகளில், போதைப்பொருளின் நச்சுத்தன்மையோடு உதவியை நாடுவதில் ஏற்பட்ட தாமதமும் சேர்ந்தே காரணமாக அமைகிறது.

பெயரும் வரையறையும்

வேதிப்பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமான "கெம்" என்பது இலண்டன் பேச்சு வழக்கில் சில போதைப்பொருட்களுக்கான மறைபெயராக வழங்கியது. அதனோடு பாலுறவைக் குறிக்கும் சொல் இணைந்து "கெம்செக்ஸ்" ஆயிற்று. இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எனப் பரவலாகக் கருதப்படுபவர் டேவிட் ஸ்டூவர்ட் என்னும் சமூகநலச் செயற்பாட்டாளர். இவர் இலண்டனின் சோஹோ பகுதியில் உள்ள "56 டீன் ஸ்ட்ரீட்" என்னும் பாலியல் நல மருத்துவ நிலையத்தில் பணியாற்றினார். 2022 ஜனவரியில் காலமானார்.

மது அருந்திவிட்டுப் பாலுறவில் ஈடுபடுவதையோ, கேளிக்கை விடுதியில் போதைப்பொருள் உட்கொண்ட ஒருவர் பின்னர் தற்செயலாகப் பாலுறவில் ஈடுபடுவதையோ இச்சொல் குறிப்பதில்லை. குறிப்பிட்ட பொருட்கள், முன்கூட்டிய நோக்கம், குறிப்பிட்ட சமூகச் சூழல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கெம்செக்ஸ் என்பது ஸ்டூவர்ட் வலியுறுத்திய வரையறை. எதிர்பால் ஈர்ப்புடையோரும் பாலுறவின்போது போதைப்பொருட்களைப் பயன்படுத்துவதுண்டு. அவ்வாறிருந்தும் இதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டமைக்கான காரணங்கள் கீழே "சமூக, உளவியல் காரணங்கள்" என்னும் பகுதியில் விளக்கப்படுகின்றன.

பயன்படுத்தப்படும் பொருட்கள்

மெத்தாம்பெட்டமைன்

இது நடு நரம்பு மண்டலத்தைத் தூண்டும் ஒரு போதைப்பொருள். 1893ஆம் ஆண்டில் சப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி இதனை முதன்முதலில் தொகுத்தார். 1919இல் அகிரா ஒகாட்டா இதன் படிக வடிவத்தை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது செருமானியப் படையினர் சோர்வின்றி விழித்திருப்பதற்காக "பெர்விட்டின்" என்னும் பெயரில் இது வழங்கப்பட்டது.

மெத்தாம்பெட்டமைன் நரம்பணுக்களுக்குள் புகுந்து, அங்குச் சேமிக்கப்பட்டுள்ள டோப்பமைன், நார் அட்ரினலின் ஆகிய வேதித்தூதுப் பொருட்களை நரம்பணு இடைவெளியில் பெருமளவில் வெளியேற்றுகிறது. டோப்பமைன் விருப்பத்துக்கும் ஊக்கத்துக்கும் அடிப்படையானது. எனவே தன்னம்பிக்கை மிகுகிறது, பசியும் உறக்கமும் மறைகின்றன, பாலுணர்வு தீவிரமடைகிறது. உடலில் புகுந்த அளவில் பாதி நீங்குவதற்கே ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம் ஆகும். இதனால் பயன்படுத்துவோர் இரண்டு, மூன்று நாட்கள் உறக்கமின்றி இருக்க நேர்கிறது.

மெஃபெட்ரோன்

மெஃபெட்ரோன், கத் என்னும் செடியில் இயற்கையாகக் காணப்படும் கத்தினோன் வகையைச் சேர்ந்த செயற்கைப் பொருள். 1929இலேயே இது தொகுக்கப்பட்டிருந்தாலும் பல பத்தாண்டுகள் யாராலும் கவனிக்கப்படவில்லை. 2000களின் பிற்பகுதியில் இணையம் வழியாக ஐரோப்பாவில் விற்கப்படலாயிற்று. டோப்பமைன், செரட்டோனின் ஆகிய இரண்டின் அளவையும் இது உயர்த்துகிறது. இதன் விளைவு குறுகிய நேரமே நீடிப்பதால், மீண்டும் மீண்டும் உட்கொள்ளும் உந்துதல் எழுகிறது.

ஜிஎச்பி, ஜிபிஎல்

மேற்கண்ட இரண்டும் தூண்டிகள். ஜிஎச்பியோ நரம்பு மண்டலத்தின் செயலைத் தணிப்பது. மனித மூளையில் மிகச் சிறிய அளவில் இது இயற்கையாகவே உள்ளது. 1960களில் பிரெஞ்சு மருத்துவ ஆய்வாளர் ஆன்றி லபோரி இதன் மருத்துவப் பயன்களை ஆராய்ந்தார். இதன் சோடியம் உப்பு, திடீர் உறக்க நோய் உள்ளவர்களுக்கு மருந்தாக இன்றும் வழங்கப்படுகிறது. ஜிபிஎல் தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு கரைப்பான். உடலுக்குள் சென்றதும் நொதிகளால் ஜிஎச்பியாக மாற்றப்படுகிறது.

ஜிஎச்பி மூளையின் காபா-பி ஏற்பிகளைத் தூண்டுகிறது. சிறிய அளவில் தயக்கத்தைப் போக்கி மகிழ்வுணர்வைத் தருகிறது. ஆனால் விரும்பிய விளைவைத் தரும் அளவுக்கும் நினைவிழக்கச் செய்யும் அளவுக்கும் இடையிலான வேறுபாடு மிகக் குறைவு. அதைவிடச் சற்று மிகுந்தால் மூச்சு நின்றுவிடலாம். மூன்றனுள் உடனடி உயிரிழப்பை மிகுதியாக விளைவிப்பதாக இதுவே கருதப்படுகிறது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரை நகரங்களில் தற்பாலீர்ப்பு ஆண்களிடையே மெத்தாம்பெட்டமைன் பயன்பாடு 1990களிலேயே பரவியிருந்தது. அங்கு இது "பார்ட்டி அண்ட் பிளே" என அழைக்கப்பட்டது. 1994இல் லாசு ஏஞ்சலசு பகுதியில், இப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்காக "கிரிஸ்டல் மெத் அனானிமஸ்" என்னும் தன்னுதவிக் குழு தொடங்கப்பட்டது. 2004இல் நியூயார்க்கில் எயிட்சுச் செயற்பாட்டாளர் பீட்டர் ஸ்டேலி, மெத்தாம்பெட்டமைனுக்கும் எச்ஐவி பரவலுக்கும் உள்ள தொடர்பைச் சாடும் சுவரொட்டிகளைத் தம் சொந்தச் செலவில் தொலைபேசிக் கூண்டுகளில் வைத்தார். அவரும் அப்பழக்கத்திலிருந்து மீண்டவரே.

இலண்டனில் 2000களின் தொடக்கம் வரை தற்பாலீர்ப்பு ஆண்களின் போதைப்பொருள் பயன்பாடு பெரும்பாலும் நடன விடுதிகளைச் சார்ந்தே இருந்தது. எக்ஸ்டசி, கோக்கைன் ஆகியனவே அங்கு மிகுதியாகப் புழங்கின. பின்னர் மூன்று மாற்றங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. முதலாவது, மெஃபெட்ரோன், ஜிபிஎல் ஆகியன மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கத் தொடங்கின. இரண்டாவது, 2009இல் அறிமுகமான கிரைண்டர் போன்ற செல்பேசிச் செயலிகள், அருகிலிருக்கும் ஆண்களை நேரடியாகத் தொடர்புகொள்ள வழிசெய்தன. மூன்றாவது, சந்திப்பு இடங்களாக இருந்த மதுக்கூடங்களும் விடுதிகளும் மூடப்படலாயின. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வு ஒன்றின்படி, பாலியல் சிறுபான்மையினருக்கான இலண்டன் கேளிக்கை இடங்களின் எண்ணிக்கை 2006க்கும் 2016க்கும் இடையில் 58 விழுக்காடு குறைந்தது.

இவற்றின் விளைவாக, பொது விடுதியில் நண்பர்கள் சூழ நடந்தது, தனி வீடுகளின் மூடிய கதவுகளுக்குப் பின்னே நகர்ந்தது. விடுதியில் ஒருவர் மயங்கி விழுந்தால் உடனடியாகக் கவனிக்கப் பணியாளர்கள் இருந்தனர். தனி வீட்டில் அத்தகைய பாதுகாப்பு இல்லை.

2014இல் இலண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள் "கெம்செக்ஸ் ஆய்வு" என்னும் அறிக்கையை வெளியிட்டனர். இலம்பெத், சதர்க், லூயிஷம் ஆகிய தென் இலண்டன் பகுதிகளைச் சேர்ந்த 30 ஆண்களுடன் நடத்திய விரிவான நேர்காணல்கள் அதன் அடிப்படையாகும். 2015இல் வில்லியம் ஃபேர்மன், மேக்சு கோகார்ட்டி ஆகியோர் இயக்கிய "கெம்செக்ஸ்" என்னும் ஆவணப்படம் வெளிவந்தது. 2016 ஏப்ரலில் முதலாவது ஐரோப்பிய கெம்செக்ஸ் மாநாடு இலண்டனில் நடைபெற்றது.

பரவல்

தற்பாலீர்ப்பு ஆண்களில் பெரும்பான்மையோர் கெம்செக்ஸில் ஈடுபடுவதில்லை. செய்தி ஊடகங்கள் இவ்வழக்கத்தை அச்சமூகம் முழுமைக்கும் பொதுவானதுபோலச் சித்திரிப்பது தவறானது.

2010இல் 38 நாடுகளில் நடத்தப்பட்ட ஐரோப்பிய ஆண்கள் இணைய ஆய்வில் 1,70,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அதில் 44 நகரங்களின் தரவுகள் தனியாக ஆராயப்பட்டன. முந்தைய நான்கு வாரங்களில் கெம்செக்ஸ் போதைப்பொருட்களைப் பயன்படுத்தியோரின் பங்கு இங்கிலாந்தின் பிரைட்டனில் 16.3 விழுக்காடாகவும், பல்கேரியாவின் சோஃபியாவில் 0.4 விழுக்காடாகவும் இருந்தது. நாட்டுக்கு நாடு மட்டுமின்றி நகரத்துக்கு நகரமும் பெரும் வேறுபாடு உள்ளதை இது காட்டுகிறது. இவ்வாய்வில் பங்கேற்றோர் தாமாக முன்வந்தவர்கள். எனவே இவ்விழுக்காடுகளை அந்நகரங்களின் தற்பாலீர்ப்பு ஆண்கள் அனைவருக்கும் அப்படியே பொருத்திவிட இயலாது.

சமூக, உளவியல் காரணங்கள்

இன்பம் என்பதே பலர் கூறும் முதற்காரணம். இதனை மறைத்துப் பேசும் விழிப்புணர்வுப் பரப்புரைகளை, பட்டறிவு உள்ளோர் நம்புவதில்லை. எனினும் 2014 ஆய்வின் நேர்காணல்களில் இன்பத்தோடு வேறு செய்திகளும் வெளிப்பட்டன. போதைப்பொருள் இல்லாமல் பாலுறவில் ஈடுபடத் தன்னம்பிக்கை இல்லை என்றும், போதையில் பிறருடன் ஒரு நெருக்கத்தை உணர்வதாகவும் பங்கேற்றோரில் பலர் தெரிவித்தனர்.

இதற்கான வேர்கள் அவர்கள் வளர்ந்த காலத்தில் உள்ளன. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்களுக்கிடையேயான பாலுறவு 1967 வரை முழுமையாகக் குற்றமாக இருந்தது. 1988இல் இயற்றப்பட்ட "பிரிவு 28" என்னும் சட்டப்பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் தற்பாலீர்ப்பை ஊக்குவிப்பதைத் தடை செய்தது. இதனால் பள்ளி ஆசிரியர்கள் அதைப் பற்றிப் பேசவே அஞ்சினர். இசுக்கொட்லாந்தில் 2000த்திலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003இலும் அப்பிரிவு நீக்கப்பட்டது. தம் இயல்பைப் பற்றிக் கேட்டறிய எவருமின்றி ஒரு தலைமுறை மாணவர்கள் பள்ளியை விட்டு வெளியேறினர்.

எச்ஐவி மற்றொரு காரணம். 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் ஆயிரக்கணக்கான தற்பாலீர்ப்பு ஆண்கள் எயிட்சினால் இறந்தனர். 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் இறப்புகள் பெரிதும் குறைந்தன. ஆனால் பாலுறவையும் இறப்பையும் இணைத்துப் பார்க்கும் அச்சம் உடனே மறைந்துவிடவில்லை. நோய் உள்ளவர்கள் புறக்கணிப்புக்கு ஆளாயினர். இல்லாதவர்கள் தொற்றுக்கு அஞ்சினர். போதைப்பொருள் சில மணி நேரமாவது இவ்வச்சத்தை அகற்றியது. உடலழகு பற்றிய கடுமையான எதிர்பார்ப்புகள், பெருநகரத் தனிமை, பிற நாடுகளிலிருந்து குடிபெயர்ந்தோரின் வேரற்ற நிலை ஆகியனவும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன.

போதைப்பொருள் இல்லாப் பாலுறவு நாளடைவில் சுவையற்றதாகத் தோன்றுவதும், சிலருக்கு இயலாததாகவே ஆகிவிடுவதும் பழக்கத்தின் பிற்காலச் சிக்கல். நெருக்கத்தை நாடித் தொடங்கப்பட்ட ஒன்று, இறுதியில் நெருக்கத்துக்கே தடையாகிவிடுகிறது.

உடல்நலத் தீங்குகள்

உடனடித் தீங்குகள்

ஜிஎச்பியை மதுவுடனோ பிற தணிப்பு மருந்துகளுடனோ சேர்த்து உட்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தி மூச்சை ஒடுக்குகின்றன. இலண்டனில் 2011 முதல் 2015 வரை ஜிஎச்பியோடு தொடர்புடைய 61 இறப்புகளை ஓர் ஆய்வு கண்டறிந்தது. அவற்றுள் 29 இறப்புகள் 2015ஆம் ஆண்டில் மட்டும் நிகழ்ந்தவை.

மயங்கியவரை "உறங்கி எழட்டும்" என விட்டுவிடுவதே மிகவும் ஆபத்தான தவறான எண்ணம். குறட்டை போன்ற ஒலி, மூச்சுப்பாதை அடைபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். வாந்தி மூச்சுக்குழலுக்குள் செல்வதாலும் இறப்பு நேரலாம். எழுப்பியும் எழாதவருக்கு உடனே அவசர மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும். மூச்சு இயல்பாக இருந்தால் அவரை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, உதவி வரும்வரை அவரைத் தனியே விடாது இருத்தல் வேண்டும். மூச்சு நின்றிருந்தால் இதய நுரையீரல் மீட்பு முதலுதவி தேவை. காவல்துறை வரும் என்னும் அச்சத்தால் அழைப்பைத் தாமதிப்பதே பல இறப்புகளுக்கு வழிவகுக்கிறது. உட்கொண்டது இன்னதென மருத்துவப் பணியாளர்களிடம் மறைக்காமல் கூறுவது சிகிச்சைக்கு இன்றியமையாதது.

தூண்டிகள் இதயத்துடிப்பையும் குருதி அழுத்தத்தையும் உயர்த்தி மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு வழிவகுக்கலாம். பலநாள் உறக்கமின்மையுடன் சேரும்போது, பிறர் தம்மைக் கண்காணிப்பதாகவும் துரத்துவதாகவும் தோன்றும் மனப்பிறழ்வு நிலை உண்டாகலாம். அதனைத் தொடரும் நாட்களில் கடும் சோர்வும் மனச்சோர்வும் தற்கொலை எண்ணங்களும் தோன்றுவதுண்டு. விறைப்புக்கான சில்டெனாஃபில் போன்ற மருந்துகளை "பாப்பர்ஸ்" எனப்படும் நைட்ரைட்டு ஆவிகளுடன் சேர்த்துப் பயன்படுத்துவது குருதி அழுத்தத்தைத் திடீரென ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தும்.

தொற்றுநோய்கள்

நீண்ட நேரப் பாலுறவு, பல துணைவர்கள், ஆணுறை பயன்படுத்துவதை மறத்தல் ஆகியவற்றால் வெட்டை நோய், மேகநோய், எச்ஐவி முதலிய பால்வினை நோய்களின் வாய்ப்பு மிகுகிறது. போதைப்பொருளை ஊசி வழியாகச் செலுத்துவோர் ஊசிகளைப் பகிர்ந்துகொண்டால் எச்ஐவியும் கல்லீரல் அழற்சி சி நோயும் பரவுகின்றன. கல்லீரல் அழற்சி சி நோயை இன்றைய நேரடி வைரசு எதிர்ப்பு மருந்துகள் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரில் குணப்படுத்துகின்றன. ஆனால் குணமானவருக்கு மீண்டும் அந்நோய் தொற்றலாம். குடலைத் தாக்கும் சிகெல்லா நோயும் இவ்வழியில் பரவுவது இங்கிலாந்தில் பதிவாகியுள்ளது.

எச்ஐவி உள்ளவர்கள் பலநாள் போதையில் அன்றாட மருந்தை மறந்துவிடலாம். எச்ஐவி சிகிச்சையில் பயன்படும் ரிட்டோனாவிர், கோபிசிசுட்டாட்டு ஆகியவை கல்லீரலின் சில நொதிகளைத் தடுப்பவை. அந்நொதிகளே சில போதைப்பொருட்களை உடலிலிருந்து நீக்குவதால், அப்பொருட்களின் அளவு எதிர்பாராத வகையில் குருதியில் உயரும்.

சார்பு நிலையும் விலகல் நோயும்

மெத்தாம்பெட்டமைன், ஜிஎச்பி ஆகிய இரண்டும் சார்பு நிலையை உண்டாக்குபவை. ஜிஎச்பியை இரவும் பகலும் பயன்படுத்தி வந்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே நடுக்கமும் குழப்பமும் மாயக்காட்சிகளும் வலிப்பும் தோன்றலாம். இது உயிருக்கே ஆபத்தானது. எனவே மன உறுதியை மட்டும் நம்பித் தாமாக நிறுத்த முயலாமல், மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாக விலகுதல் வேண்டும்.

இசைவும் குற்றமும்

இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, ஒருவர் தாமே தெரிந்தெடுக்கும் உரிமையும் அதற்கான திறனும் உள்ள நிலையில் உடன்படுவதே இசைவு ஆகும். நினைவிழந்தவரிடம் அத்திறன் இல்லை. போதைப்பொருளை உட்கொள்ள ஒருவர் உடன்பட்டார் என்பது, அதன்பின் நிகழும் அனைத்துக்கும் அவர் உடன்பட்டார் எனப் பொருள்படாது. ஆயினும் பாதிக்கப்பட்ட ஆண்களில் பலர் முறையிடுவதில்லை. தாம் உட்கொண்ட போதைப்பொருளுக்காகத் தாமே குற்றவாளியாக நடத்தப்படக்கூடும் என்னும் அச்சமும், நம்பமாட்டார்கள் என்னும் எண்ணமும் இதற்குக் காரணங்கள்.

இவ்வச்சம் அடிப்படையற்றதன்று என்பதை பார்க்கிங் கொலை வழக்கு காட்டியது. கிழக்கு இலண்டனின் பார்க்கிங் பகுதியில் 2014 ஜூன் முதல் 2015 செப்டம்பர் வரை நான்கு இளைஞர்கள் இறந்து கிடந்தனர். ஒருவரின் உடல் ஸ்டீபன் போர்ட் என்பவரின் குடியிருப்புக்கு வெளியேயும், மற்ற மூவரின் உடல்கள் அருகிலுள்ள ஒரு தேவாலயக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டியும் கிடந்தன. நால்வரும் ஜிஎச்பியின் நச்சால் இறந்தவர்கள். இவற்றைத் தற்செயலான போதைப்பொருள் இறப்புகள் எனக் கருதிய காவல்துறை, அவற்றுக்கிடையேயான தொடர்பை ஆராயவில்லை. மூன்றாமவரின் உடலருகே கிடந்த போலித் தற்கொலைக் குறிப்பும் உரிய சோதனையின்றி ஏற்கப்பட்டது. ஐயம் எழுப்பிய குடும்பத்தினரின், நண்பர்களின் முறையீடுகள் பயனளிக்கவில்லை.

2016 நவம்பரில் போர்ட் நான்கு கொலைகளுக்கும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, விடுதலையற்ற ஆயுள் தண்டனை பெற்றார். செயலிகள் வழியாக இளைஞர்களை வரவழைத்து, அவர்கள் அறியாமல் ஜிஎச்பி கொடுத்ததே அவருடைய முறையாக இருந்தது. 2021 டிசம்பரில் மரண விசாரணை நடுவர் குழு, காவல்துறையின் தவறுகள் பின்னர் இறந்த மூவரின் இறப்புக்குப் பெரும்பாலும் காரணமாயின எனக் கண்டறிந்தது. இறந்தவர்களைப் "போதைப்பொருள் பயன்படுத்தியவர்" என வகைப்படுத்திவிட்டதால் விசாரணை நின்றுபோவது எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இவ்வழக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

சட்ட நிலை

ஐக்கிய இராச்சியத்தில் போதைப்பொருட்கள் அவற்றின் தீங்கைப் பொறுத்து ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மெத்தாம்பெட்டமைன் 2007இல் மிகக் கடுமையான ஏ வகுப்புக்கு மாற்றப்பட்டது. மெஃபெட்ரோன் 2010 ஏப்ரலில் பி வகுப்பில் சேர்க்கப்பட்டது. ஜிஎச்பி 2003இலும் ஜிபிஎல் 2009 டிசம்பரிலும் சி வகுப்பில் கட்டுப்படுத்தப்பட்டன. 2020 ஜனவரியில் மான்செசுட்டரில் இத்தகைய பொருளைப் பயன்படுத்தி ஏராளமான ஆண்களை வன்புணர்ந்த ஒருவரின் வழக்கு வெளியானபின் அரசு மறுஆய்வுக்கு ஆணையிட்டது. அதன் விளைவாக 2022 ஏப்ரலில் இரண்டும் பி வகுப்புக்கு உயர்த்தப்பட்டன.

குற்ற நோக்குடன் இவற்றைப் பயன்படுத்துவோரைத் தண்டிக்கக் கடுமையான சட்டம் தேவை என்பது ஒரு சாராரின் கருத்து. தண்டனை கூடக்கூட, மயங்கிய நண்பருக்கு உதவி கோரத் தயங்குவோரும் கூடுவர் என்பது தீங்கு குறைப்புப் பணியில் உள்ளோரின் கவலை.

சிகிச்சையும் தீங்கு குறைப்பும்

பிரித்தானியாவின் போதைமீட்பு நிலையங்கள் மரபாக எரொயின், கிராக் கோக்கைன், மது ஆகியவற்றுக்காக அமைக்கப்பட்டவை. அங்குச் சென்ற தற்பாலீர்ப்பு ஆண்கள் தம் பாலுறவு வாழ்க்கையைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டனர். பணியாளர்களுக்கோ ஜிஎச்பி பற்றிய அறிவு குறைவாக இருந்தது. பாலியல் நல நிலையங்களில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. அங்குப் பாலுறவு பற்றிப் பேசலாம்; போதைப்பொருள் பற்றி எவரும் கேட்பதில்லை. ஒரே சிக்கலின் இரு பாதிகள் இரு வேறு கட்டடங்களில் கவனிக்கப்பட்டதால், முழுச் சிக்கல் எங்கும் கவனிக்கப்படவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியே டீன் ஸ்ட்ரீட் மாதிரி. 2009இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தில், பால்வினை நோய்ச் சோதனைக்கு வருவோரிடம் போதைப்பொருள் பயன்பாடு பற்றியும் இயல்பாகக் கேட்கப்பட்டது. 1972இல் தொடங்கப்பட்ட "இலண்டன் ஃபிரண்ட்" என்னும் தொண்டு அமைப்பின் "ஆன்ட்டிடோட்" பிரிவு, பாலியல் சிறுபான்மையினருக்கான போதைமீட்பு ஆலோசனையை வழங்குகிறது. உடனடியாக முழுமையாக நிறுத்துவதை நிபந்தனையாக்காமல், பயன்படுத்துவோர் தாமே வகுக்கும் சிறு இலக்குகளிலிருந்து தொடங்குவது இத்தகைய ஆலோசனையின் இயல்பு. ஒரு வார இறுதியைப் போதைப்பொருள் இன்றிக் கழிப்பது அத்தகைய இலக்குகளுள் ஒன்று.

எச்ஐவி தடுப்பில் பெரும் முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. "பிரெப்" எனப்படும் முன்தடுப்பு மருந்து, நோய் இல்லாதவர் உட்கொள்வது. இங்கிலாந்தில் 544 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான "பிரௌட்" ஆய்வில் இம்மருந்து எச்ஐவி தொற்றை 86 விழுக்காடு குறைத்தது. தொற்று நேர்ந்திருக்கலாம் என ஐயப்படுவோர் 72 மணி நேரத்துக்குள் பின்தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ளலாம். சிகிச்சையால் குருதியில் வைரசு கண்டறிய இயலா அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவின் வழியாக எச்ஐவி பிறருக்குப் பரவுவதில்லை என்பதும் பெரிய ஆய்வுகளால் உறுதிசெய்யப்பட்டுள்ளது. ஆனால் இவை எதுவும் பிற பால்வினை நோய்களிலிருந்தோ போதைப்பொருளின் தீங்குகளிலிருந்தோ காப்பதில்லை.

மெத்தாம்பெட்டமைன் சார்புக்கென ஏற்பளிக்கப்பட்ட தனி மருந்து எதுவும் இல்லை. உளவியல் சிகிச்சைகளில் வெகுமதி முறை நல்ல பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இல்லை எனத் தெரியும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசுச் சீட்டு வழங்குவதே இம்முறை. போதைப்பொருளால் திசைமாறிய ஊக்க மண்டலத்துக்கு, உடனடியாகக் கிடைக்கும் வேறொரு நற்பயனை இது அளிக்கிறது. சிகிச்சைக்குப் பின் போதைப்பொருள் இல்லாப் பாலுறவுக்கும் நட்புக்கும் பழகிக்கொள்வது பலருக்கு நீண்ட காலம் எடுக்கும். மீண்டும் ஒருமுறை வழுவுவது சிகிச்சை தோல்வியுற்றதாகப் பொருள்படாது.

விவாதங்கள்

கெம்செக்ஸ் என்னும் சொல்லையே சிலர் விமர்சிக்கின்றனர். எதிர்பால் ஈர்ப்புடையோர் செய்தால் பெயரற்றதாகவும், தற்பாலீர்ப்பு ஆண்கள் செய்தால் ஒரு "கொள்ளைநோய்" ஆகவும் பேசப்படுவது பழைய வெறுப்பின் புதிய வடிவமே என்பது அவர்கள் வாதம். பயன்படுத்துவோர் அனைவரும் சிக்கலுக்கு உள்ளாவதில்லை என்பதையும் அவர்கள் சுட்டுகின்றனர். பெயரிட்டுப் பேசாத சிக்கலுக்குச் சிகிச்சை நிலையமும் நிதியும் கிடைப்பதில்லை என்பது மறுதரப்பின் வாதம். தனிப்பெயர் கிடைத்ததாலேயே, தம்மைப் போன்றோர் பிறரும் உள்ளனர் என அறிந்து பலர் உதவி தேடி வந்தனர் என அவர்கள் கூறுகின்றனர்.

இவ்விரு தரப்பினரும் ஒன்றுபடும் இடமும் உண்டு. இழித்துரைப்பது எவரையும் பழக்கத்திலிருந்து விடுவித்ததில்லை. மயங்கிக் கிடப்பவரின் அருகில் இருப்பவர் அச்சமின்றித் தொலைபேசியை எடுக்க முடிவதே, இச்சிக்கலில் எந்தக் கொள்கையையும் அளந்தறியப் பொருத்தமான முதல் அளவுகோல் ஆகும்.

இவற்றையும் பார்க்க

எயிட்சு
பால்வினை நோய்கள்
தற்பால்சேர்க்கை
தீங்கு குறைப்பு
மெத்தாம்பெட்டமைன்